இருபத்திரண்டு அறைகளும் ஒரு சாவிக்கொத்தும்

தொற்று வந்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டபோது, கடற்கரையோரத்து அந்த இருபத்திரண்டு அறை ஓட்டலில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லாமல் போயிற்று. எல்லோரையும் அனுப்பிவிட்ட முதலாளி, அறை துடைக்கும் சாவியக்காவையும், சுற்றுலாக்காரர்களுக்கு டாக்ஸி ஓட்டிய அவள் வீட்டுக்காரரையும் மட்டும் காவலுக்கு வைத்தார். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்கியதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"தினமும் எல்லா ரூம்லயும் குழாயைத் திறந்து விடு. இல்லேன்னா பைப் கெட்டுடும். ஆனா கட்டில்ல ஒரு சுருக்கம் விழக்கூடாது. விழுந்தா உனக்கு இங்க வேலை கிடையாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாவியக்கா பாவம், பத்து நாள் தாக்குப்பிடித்தாள். பன்னிரண்டு வருஷமாக அவள் விரிப்பு மாற்றிய மெத்தைகள். ஒன்றில்கூட முதுகைச் சாய்த்ததில்லை. பதினோராம் நாள், "ஒரே ஒரு நாள்" என்று முதல் அறையைத் திறந்தாள். ஒரே ஒரு நாள் எங்கே போய் நிற்கும் என்று நமக்குத் தெரியாதா?

"இன்னிக்கு எங்க போறோம்?" என்பார் வீட்டுக்காரர்.

"பதினாலு. கடல் பக்கம்."

காலையில் விரிப்பைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நூல் பிடித்த மாதிரி விரித்துவிடுவாள்.

எட்டு மாதம் கழித்து ஓட்டலைத் திறந்த அன்று வந்தது ஒரே ஒருவர். கண் சிவந்த ஒரு டாக்டரம்மா. "ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன். எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான்."

பாதியாக இளைத்திருந்தாலும் முதலாளிக்கு வியாபாரம் மறக்கவில்லை. "முன்பக்க ரூம் தர்றேன். இருக்கறதுலயே உசத்தி. ஊசி விழுந்தா கேக்கும்."

சாவியக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அது வேணாம்மா. விடியக்காலம் தண்ணி மோட்டார் தலைமாட்டுலயே உறுமும். பதினாலு எடுத்துக்கோங்க. படுத்தா எழுந்திரிக்க மனசு வராது."

டாக்டரம்மா சாவியை வாங்கிக்கொண்டு மாடியேறினார். அப்புறம்தான் அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்றார் முதலாளி.

"படுத்தோங்க."

"எத்தனை ரூம்ல?"

"இருபத்தொண்ணரைங்க. பதினேழுல கட்டில் ஆடுது. பாதியிலயே எழுந்து வந்துட்டோம்."

முதலாளி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டார். "மூடுன நாள்லேருந்து எனக்குச் சரியாத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினா இந்த ஓட்டல்தான் நிக்குது," என்றார் மெல்ல. "பதினாலு போச்சு. அடுத்து எது நல்லாயிருக்கும்?"

சாவியக்கா யோசிக்கவே இல்லை. கொத்திலிருந்து ஒன்பதாம் நம்பர் சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"இப்பவே போய்ப் படுங்க. நான் எழுப்ப மாட்டேன்."