கட்டிக்குள் மட்டும் விழிப்பவை

ஏரம்புவுக்குச் சுவாசப்பையில் புற்றுநோய் என்று கொழும்பு டொக்டர்மார் சொல்லி ஆறு மாதம் ஆகியிருந்தது. உடுப்பிட்டிச் சனத்துக்கு மட்டும் அது இன்னமும் முட்டு வருத்தம், மூச்சிழுக்கிற வியாதி, அவ்வளவுதான். அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்குக் கட்டளை போட்டவர் ஏரம்புவின் தமையன் இராசநாயகம், அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர்.

காரணம் இருந்தது. ஏரம்புவின் ஒரே மகள் மகாதேவிக்குக் கொடிகாமத்தில் சம்பந்தம் கூடி வந்திருந்தது. தகப்பன் கண்ணை மூடினால் ஆண்டுத்திவசம் முடியும்வரை வீட்டில் மேளம் கேட்கக்கூடாது. அதற்குள் தாலி ஏற வேண்டும். கான்சர் என்ற சொல் கொடிகாமத்துக்குப் போகவும் கூடாது. பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணையா பார்க்கிறார்கள்? மூன்று தலைமுறையில் யாருக்குக் குட்டம், யாருக்கு விசர் என்று, மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல அல்லவா பார்க்கிறார்கள்!

இராசநாயகத்துக்கும் உள்ளூரப் பயம். ஸ்கொட்லாந்தில் புற்றுநோய் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் தமக்கை மகன் சிவசுப்பிரமணியத்துக்கு, "இது பரம்பரையோ இல்லையோ, ஒரு வரியில் எழுது" என்று கடிதம் போட்டார். மூன்று மாதம் கழித்துக் கப்பலில் பதில் வந்தது. ஒரு வரியல்ல, நாலு பக்கம்.

"மாமா, உடம்பிலுள்ள எல்லாக் கலங்களிலும் ஒரே பரம்பரையலகுகள்தான். ஆனால் எல்லாம் எல்லா இடத்திலும் வேலை செய்வதில்லை. சுவாசப்பைக் கட்டியில் சில அலகுகள் விழித்துக்கொண்டு வெறி பிடித்தமாதிரி வேலை செய்கின்றன. கட்டிக்குப் பக்கத்தில் வெட்டியெடுத்த சுகமான சதையில் அவையே நித்திரை. கட்டிக்குள் விழித்தது பிள்ளைக்குப் போகாது. சின்ன மாமாவைச் சுருட்டை விடச் சொல்லுங்கோ."

இராசநாயகம் அதைப் பத்துத் தரம் வாசித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை பகுதி வந்த அன்று காலையிலேயே ஏரம்புவைத் தமக்கை சின்னாச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். "அங்கை இருந்து இருமு" என்றார். ஏரம்பு மறுபேச்சில்லாமல் போனான்.

மாப்பிள்ளையின் தகப்பன் கனகலிங்கம் கதிரையில் சாய்ந்து சுருட்டைப் பற்ற வைத்தார்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. உங்கடை தம்பியாருக்குக் கசமெண்டு ஒரு கதை அடிபடுது."

கசம்! ஒட்டுகிற காசநோய், சோறில்லாத வீட்டு நோய். இராசநாயகம் துள்ளி எழும்பினார்.

"கசமோ? எங்கடை வளவுக்குள்ளையோ? இது கான்சர், ஐயா! சுவாசப்பைக் கான்சர்! கொழும்பிலை ரண்டு டொக்டர்மார் கையெழுத்து வைச்சது!"

மகன் பட்டம் எடுத்ததைச் சொல்கிற பெருமையோடுதான் சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் ஆறு மாதமாகப் பூட்டி வைத்த சொல் தன் வாயாலேயே வெளியேறிவிட்டது விளங்கியது. இனி என்ன? கடிதத்தை எடுத்து நாலு பக்கத்தையும் வாசித்தார்.

கனகலிங்கம் யோசித்தார். "கட்டிக்கை முழிச்சது, மற்ற இடத்திலை நித்திரை எண்டுறியள்?"

"ஓம்."

"பெட்டையின்ரை உடம்பிலையும் நித்திரையோ?"

"ஓம், நித்திரைதான்."

"ஐயோ, அப்ப இருக்குத்தானே!" என்று கனகலிங்கத்தின் மனைவி நல்லம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

"உங்களிட்டையும் இருக்குது, தங்கச்சி. இவரிட்டையும் இருக்குது. இவற்றை சுருட்டு அதைத் தட்டித் தட்டி எழுப்புது."

"எங்கடை பகுதியிலை உப்பிடி ஒரு அலகும் கிடையாது!" நல்லம்மா பொத்திய தலைப்பை விட்டுவிட்டுச் சொன்னாள். "எங்கடை ஆக்கள் வயது போய்ச் செத்தவையேயொழிய வருத்தத்திலை சாகேல்லை."

கனகலிங்கம் கையமர்த்தினார். "சாதகம் இவ்வளவு பொருந்தினபிறகு விட மனமில்லை. ஒண்டு செய்வம். தாரை வார்க்கிறதை நீங்கள் செய்யுங்கோ. தம்பியார் அண்டைக்குப் பந்தலடிக்கு வராமல் நிக்கட்டும். நாலு சனம் பாத்துக் கதைக்கப்படாது."

ஒரு கிழமையாக இராசநாயகமும் மனதில் வைத்திருந்தது அதைத்தான். தன் தலைக்குள் இருந்தபோது அது குடும்ப மானமாகத் தெரிந்தது. இன்னொருவன் வாயிலிருந்து விழுந்தபோதுதான் அதன் நாற்றம் மூக்கில் ஏறியது.

"அப்பா வராத பந்தலுக்கு நானும் வரமாட்டன், பெரியப்பா." கதவடியில் மகாதேவி தேத்தண்ணித் தட்டத்தோடு நின்றாள். தட்டம் ஆடவில்லை.

"கேட்டியளோ?" இராசநாயகம் நிமிர்ந்தார். "என்ரை தம்பியின்ரை பிள்ளையை அவன்தான் தாரை வார்ப்பான். அதுக்கு ஏலாதெண்டால் எழும்புங்கோ. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போகலாம். அதாலை ஒண்டும் முழிக்காது."

அவர்கள் குடிக்கவில்லை. நல்லம்மா செருப்பைக்கூடப் வாசற் படலைக்கு வெளியே போய்த்தான் மாட்டினாள்.

இராசநாயகம் சால்வையைப் போட்டுக்கொண்டு சின்னாச்சி வீட்டுக்கு நடந்தார். ஏரம்பு விறாந்தையில் குந்தியிருந்தான். தமையனைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"இரு, இரு. நானும் இருக்கிறன்" என்று பக்கத்தில் அமர்ந்தார்.

"என்னவாம் அண்ணை, மாப்பிள்ளை பகுதி?"

"அவைக்கு வருத்தமே வராதாம், தம்பி. அப்பிடிப்பட்ட சனத்துக்கை எங்கடை பிள்ளையை எப்பிடிக் குடுக்கிறது?"