பின்பக்கம் திருப்பாத படிவம்

ஒரு நாளைக்கு நூற்றிருபது படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பார்க்கும் பரிசோதனைக் கூடம். படிவத்தில் பெயர் இருக்காது, எண்தான். முன்பக்கம் கடைசி மாதவிலக்குத் தேதி. ஸ்கேன் எடுத்திருந்தால் அந்தச் சீட்டைப் பின்னால் பின் அடித்திருப்பார்கள். சீட்டு இருந்தால் அதிலுள்ள வாரக் கணக்கைத்தான் போட வேண்டும். மத்தியானத்துக்கு மேல் என் விரல்கள் மட்டும்தான் அங்கே வேலை பார்க்கும்.

அண்ணியின் ரத்தத்தையும் எங்கள் கூடத்தில்தான் பார்த்தார்கள். ரிசல்ட் வந்து மூன்று நாளாக வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்க எழுபதில் ஒரு வாய்ப்பு. அதை உறுதி செய்ய இன்று பதினொரு மணிக்கு வயிற்றில் ஊசி போட்டு நீர் எடுக்கப் போகிறார்கள். அதனால் கரு கலையும் பயம் ரொம்பக் கொஞ்சம்தான் என்றாராம் டாக்டர். ஏற்கெனவே இரண்டு முறை கலைந்தவளிடம் போய்க் கொஞ்சம் என்றால்? நாள் முழுக்க இதே தாள்களோடு மாரடிப்பவள் நான், வீட்டிலும் அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"ரிப்போர்ட்டப் பையில வெச்சிட்டியா, கம்ப்யூட்டர்?" என்றாள் அண்ணி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு என் பெயர் அதுதான்.

அதை எடுத்து மடிக்கும்போதுதான் கண்ணில் பட்டது. 'பதினெட்டு வாரம், மாதவிலக்குத் தேதிப்படி.' அண்ணிக்கு மாதவிலக்கு நாற்பது நாள், ஐம்பது நாள் தள்ளித்தான் வரும். குழந்தை தேதிக் கணக்குக்கு இரண்டு வாரம் சின்னதாக இருக்கிறது என்று முதல் ஸ்கேனிலேயே சொல்லியிருந்தார்கள். தாளின் அடியில், பதிவு செய்தவர் என்ற இடத்தில், என் ஊழியர் எண்.

"அண்ணி, ஸ்கேன் சீட்டு குடுத்தீங்களா?"

"குடுக்காம? பின்னாடி பின் அடிச்சாங்களே."

"உங்க படிவத்த ஏத்துனது நான்தான். திருப்பிப் பாக்கல."

அண்ணன் வண்டிச் சாவியை மேஜைமேல் போட்டான். "என்னடி சொல்ற?"

"ரத்தத்துல பாக்குறதுல ஒண்ணு வாரம் போகப் போக ஏறும், இன்னொண்ணு இறங்கும். பதினாறு வாரத்தப் பதினெட்டுன்னு போட்டா நல்லா இருக்கிற குழந்தைக்கும் தப்பாத்தான் காட்டும். ஊசிக்குப் போகாதீங்க. நான் போய்க் கணக்க மறுபடி போடச் சொல்றேன்."

கூடத்து டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வாரத்தைத் திருத்தினார். ஆயிரத்து எண்ணூறில் ஒன்று. ஊசி தேவையில்லை என்று அவரே அண்ணனுக்குப் போன் செய்தார். பிறகு என்னிடம் பேசிய அண்ணன் வாய்க்கு வந்தபடி திட்டினான். வாங்கிக்கொண்டேன். அண்ணி போனைப் பிடுங்கி வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"நான் உன் வீட்லயே இருந்தேன், தப்பிச்சேன். மத்தவங்க?"

போனை வைத்துவிட்டுப் போன மாதப் பெட்டியை இறக்கினேன். ஆபத்து அதிகம் என்று நான் ஏற்றி அனுப்பியவை முப்பத்தொன்று. முதல் படிவத்தைத் திருப்பினேன். பின்னால் ஒரு ஸ்கேன் சீட்டு இருந்தது; நான் ஏற்றியிருந்ததோ முன்பக்கத் தேதியை. ரிசல்ட் போய் இருபது நாள் ஆகியிருந்தது.