ரபீகாவின் நீண்ட அஸர்

ஹபீலைப் பெறும்போது ரபீகாவை மல்லாக்கப் படுக்கவைத்து, காலைத் தூக்கிக் கட்டி, விடியும்வரை கூரையைப் பார்க்க வைத்தார்கள். கடைசியில் வெட்டி, ஆயுதம் போட்டு இழுத்தெடுத்தார்கள். ஹபீலுக்கு இப்போது மூன்று வயது. அவனுக்கு அது ஞாபகமில்லை. அவளுக்கு இருமும்போதெல்லாம் ஞாபகம் வரும். இரண்டாவது பிள்ளைக்குப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள். வேறு பெரிய ஆசை எதுவும் அவளுக்கு இல்லை.

கட்டுகஸ்தோட்டை வீட்டில் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நோவு தாங்கக்கூடியதாகவே இருந்தது. முன்னால் குனிந்து இடுப்பை ஆட்டினால் பிள்ளை தானே வழி பார்த்து இறங்குவதுபோலிருந்தது. கணவன் ஸெய்னுலாப்தீன் பாடசாலையில் இஸ்லாம் படிப்பிப்பவர். எதற்கும் ஆதாரம் கேட்பவர். அவளிடம் குர்ஆனிலிருந்தே ஆதாரம் இருந்தது.

"மர்யம் அலைஹிஸ்ஸலாம் நோவு வந்த நேரம் பேரீத்தமரத்தப் புடிச்சிட்டுத்தானே ஈந்தாங்க? அவங்கள ஆரும் படுக்கச் சொல்லல்லயே."

அவர் உருகிப்போனார். கண்டிக்குக் கார் பிடிக்குமுன் ஓடிப்போய் அரை இறாத்தல் பேரீச்சம்பழம் வாங்கிவந்தார்.

ஆஸ்பத்திரியில் கணவன்மாருக்கு வார்ட் வாசல் வரைதான் அனுமதி. எல்லாரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் சிங்களத் தாதி நல்ல மனுஷி. கட்டிலைத் தட்டிக் காட்டிப் படுக்கச் சொன்னார். படுத்திருந்தால் அவருக்குப் பார்க்க வசதி. ரபீகா யோசித்தாள். பிள்ளை வெளியே வரும்வரை தொழுகை கடமை என்று மத்ரஸாவில் படித்திருந்தாள், பின்னேரத் தொழுகையான அஸருக்கும் நேரமாகியிருந்தது. தொழவேண்டும் என்றாள். கும்பிடுகிறவளைத் தொட்டால் பாவம் என்று மிஸ்ஸி ஒதுங்கிக்கொண்டார்.

அப்படியொரு அஸரைக் கண்டியில் யாரும் தொழுதிருக்கமாட்டார்கள். நிலையில் நின்றபடி ஒவ்வொரு நோவையும் கீழே இறக்கினாள். ருகூவில் குனிந்து முழங்காலைப் பிடித்து இடுப்பை ஆட்டினாள். ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்ததும் முதுகின் பாரம் கழன்றது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தவுடன் மிஸ்ஸி வந்தார். அவள் உடனே அடுத்த தொழுகைக்குத் தக்பீர் கட்டினாள். வயதுக்கு வந்த நாள் முதல் விட்ட, திருப்பித் தொழவேண்டிய தொழுகைகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. இவ்வளவு விட்டிருக்கிறோமே என்று முதல்முறையாகச் சந்தோஷப்பட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்த ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்து நல்லம்மா தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம சாமி எப்புடிக் கும்புட்டாலும் சரின்னுருதுங்க. அதான் இப்புடிக் கெடக்கேன். ஒங்க சாமிதாங்க ஆளு."

மிஸ்ஸிக்குக் கவலை வந்துவிட்டது. நிறைமாதக்காரியை இப்படி எழுப்பி எழுப்பிக் குனியவைக்கிற மார்க்கமா என்று பரிதாபப்பட்டு, வாசலில் நின்ற கணவரிடம் போய்க் கேட்டார். ஸெய்னுலாப்தீனுக்கு ரோஷம் வந்தது. தன் மார்க்கத்தைப் பற்றி ஒரு பெண் இப்படி நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா? அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதற்கும் முடியாதவர் படுத்துத் தொழலாம், அசைய முடியாதவர் கண்ணால் சைகை செய்தாலே போதும், அல்லாஹ் யாரையும் சக்திக்கு மேல் சிரமப்படுத்துவதில்லை என்று விளக்கினார். வாழ்நாளில் அவர் பேச்சை யாரும் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. மிஸ்ஸி கைகூப்பினார்.

அடுத்த ஸலாம்வரை மரியாதையாகக் காத்திருந்து, மிஸ்ஸி நல்ல செய்தியைச் சொன்னார்.

"அது ஏலாதவங்களுக்கு," என்றாள் ரபீகா. "எனக்கு ஏலும் மிஸ்ஸி."

"ஒங்கட மாஸ்டர்தானே சொன்னது," என்று மிஸ்ஸி அவள் தலையைத் தடவினார். இரண்டு பேர் மெதுவாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். கால்களைக் கட்டினார்கள். நல்லம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே இறங்கிக்கொண்டிருந்த பிள்ளை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பொழுதுபட்டு மஃரிபும் தாண்டி, வெட்டி, ஆயுதம் போட்டு இழுத்தெடுத்தார்கள். பெண் பிள்ளை.

மறுநாள் பார்க்க விடும் நேரத்தில் ஸெய்னுலாப்தீன் பூரிப்போடு வந்தார். மகளின் காதில் பாங்கு சொன்னார். பிறகு பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்தார். வார்டில் மாட்டுவதற்காக மிஸ்ஸி கேட்டு அவர் எழுதியது. முஸ்லிம் தாய்மார் படுத்தபடியே தொழலாம் என்று தமிழிலும் சிங்களத்திலும், ஹதீஸ் ஆதாரத்தோடு.

"இனி வாற பொம்புளயள் ஒங்களப்போல கஷ்டப்படத் தேவல்ல," என்றார்.

கொஞ்சம் உயரத்தில், கூரைக்குக் கிட்ட மாட்டச் சொல்லியிருக்கிறாராம். படுத்திருப்பவர்களுக்கு அங்கேதானே கண் போகும்.