அக்காளின் பெயரில் எட்டு வருடம்

மனுவில், வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் பெயர் சாரதாமணி. மருத்துவமனை கொடுத்த பிரசவச் சீட்டில் தாயின் பெயர் நித்யஸ்ரீ. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த வழக்கறிஞர் ஜெயசுதா, கண்ணாடியைக் கழற்றி மேசைமீது வைத்தார். தொழிலாளர் அலுவலகத்தில் சமரசப் பேச்சு தொடங்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. அலுவலகத்துக்கு எதிரே உள்ள பேக்கரியில் அவருடைய தேநீர் ஏற்கெனவே ஆடை கட்டியிருந்தது.

"இது யார் சீட்டு கண்ணு?"

"என்றதுதானுங்க" என்றாள் எதிரே இருந்த இளம்பெண், ஏழு மாதக் குழந்தையைத் தோள் மாற்றியபடி.

"அப்ப சாரதாமணி?"

"அது நானுங்க" என்றாள் அவளருகே அமர்ந்து பன்னைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்த மற்றொருத்தி. துணைக்கு வந்த உறவுப்பெண் என்றே ஜெயசுதா அவளை எண்ணியிருந்தார். "இவ என்ற தங்கச்சி. எனக்குப் புள்ளை போதும்னு ஆபரேசன் பண்ணி நாலு வருசமாச்சு. நீங்க ஆபீஸுக்கு எழுதுன பேப்பர்ல நான் மூணாவது பெத்துட்டனாமா. ஊட்டுக்காரரு படிச்சுட்டு எம்மூஞ்சிய ஒரு மாதிரி பாக்கறாருங்க."

ஜெயசுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை வைத்திருக்கும் இந்த இளம்பெண் மூன்று முறை அவர் அறைக்கு வந்திருக்கிறாள். சாரதா என்று கூப்பிட்டபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்திருக்கிறாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"மறைக்கோணும்னு இல்லீங்க்கா. எட்டு வருசமா சாரதான்னுதான் கூப்புடறாங்க. இப்ப நித்யான்னு கூப்புட்டா யாரையோன்னு இருக்குது."

நடந்தது எளிமையானது. மங்கலத்தில் அவர்களுடைய தகப்பனார் ஓட்டிய விசைத்தறி நின்றுபோன ஆண்டில் நித்யஸ்ரீக்குப் பதினாறு வயது. பின்னலாடைக் கம்பெனியின் மேற்பார்வையாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பதினெட்டு முடிந்த அக்காள் இருந்தால் அவளுடைய ஆதாரைக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தாள். அதற்குப்பின் அடையாள அட்டை, வருங்கால வைப்புநிதி, வருகைப்பதிவு எல்லாவற்றிலும் அவள் சாரதாமணி ஆனாள். அந்தப் பகுதியில் இப்படி வேலைக்குச் சேர்வதை யாரும் பொய்யாக எண்ணுவதில்லை. பதினெட்டு முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். எவரும் மாற்றிக்கொள்வதும் இல்லை. ஐந்தாம் மாதத்தில் வயிறு தெரியத் தொடங்கியபோது, பெற்றுவிட்டு வா என்று அதே மேற்பார்வையாளர் அனுப்பிவைத்தார். பெற்றுவிட்டு வந்தபோது வாசலில் இருந்த வருகைப்பதிவு இயந்திரம் அவள் விரலை ஏற்கவில்லை; பதிவிலிருந்து அவளை நீக்கியிருந்தார்கள்.

கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்பதில் சட்டத்துக்குக் குழப்பம் எதுவுமில்லை. குழப்பம் காகிதத்தில்தான் இருந்தது. அங்கே வேலை செய்தவள் ஒருத்தி, பிள்ளை பெற்றவள் வேறொருத்தி. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெண்களுக்காக வாதிட்டுவரும் ஜெயசுதாவுக்கு இது புதிய வியப்பைத் தரவில்லை. சமத்துவம் என்ற சொல்லுக்குப் பொருள் தேடும் நாள்கள் வரும் என்று நம்பித்தான் அவர் சட்டம் படித்தார். வந்த நாள்களோ பெரும்பாலும் நகலெடுக்கவும், தேதி வாங்கவும், பெயரில் உள்ள முதலெழுத்தைத் திருத்தவுமே போதுமானவையாக இருந்தன.

"உனக்கு என்ன வேணும்னு ஒருதடவை சொல்லிரு கண்ணு."

"அதே கம்பெனி வேணுங்க. அங்கதான் உள்ளயே புள்ளைகளப் பாத்துக்க ரூம் இருக்குது. பக்கத்துல கூலிக்குத் தெச்சுக் குடுக்கற ஜாப் ஒர்க் யூனிட்டுல எல்லாம் கேட்டுட்டேன். புள்ளையோட வராதேங்கறாங்க. அவரு சாயப்பட்டறைல ஷிப்ட்டு. அக்காளுக்கு அவ புள்ளைக ரெண்டே போதும். நான் இவள எங்கீங்க உடறது?"

ஜெயசுதா தேநீரைக் குடிக்காமல் எழுந்தார். உண்மையைச் சொல்லிவிடுவதென்று சாலையைக் கடக்கும்போதே முடிவுசெய்தார். பொய்யைக் காப்பாற்ற அவரிடம் தெம்பு இல்லை என்பதும் அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

சமரச அலுவலர் கோப்பைப் பார்த்து, "சாரதாமணி" என்று கூப்பிட்டார். சகோதரிகள் இருவரும் ஒன்றாக எழுந்து நின்றனர்.

"ஒருத்தர் போதுங்க" என்றார் அலுவலர்.

ஜெயசுதா விளக்கினார். கம்பெனியின் மனிதவள மேலாளர் அருள்செல்வன் குறுக்கிடாமல் கேட்டார். வாசலில் பார்த்தபோதே, "சாப்டீங்களா மேடம்?" என்று விசாரித்த மனிதர். எந்தத் தொழிலாளியையும் அவர் ஒருமையில் அழைத்ததில்லை. அதே மரியாதையோடுதான் வேலையிலிருந்தும் அனுப்புவார்.

"எங்க ரெக்கார்டுல சாரதாமணின்னு ஒருத்தரு இருந்தாருங்க. ஆதார் போட்டோவும் இவங்களோடதுதான்" என்று அக்காளைக் காட்டினார். "தங்கச்சிய நான் இன்னைக்குத்தானுங்க பாக்கறேன்."

"அப்படீங்களா சார்?" என்றாள் சாரதாமணி. "நான் எந்த லைன்ல தெச்சனுங்க? எனக்கு ஊசில நூல் கோக்கவே என்ற பெரிய புள்ளையக் கூப்புடோணும்."

அலுவலர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காக நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது ஆள்மாறாட்டமுங்க சார்" என்றார் அருள்செல்வன் வருத்தத்தோடு. "ரெண்டு பேரு மேலயும் கம்ப்ளைன்ட் குடுக்கலாம். பொம்பளப்புள்ளைகன்னு பாக்கறோம்."

"குடுங்க" என்றார் ஜெயசுதா. குரலை உயர்த்தும் அவசியம் அவருக்குத் தோன்றவில்லை. "சேந்தப்ப இவளுக்குப் பதினாறு வயசு. பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் வாங்க எனக்கு ஒரு நாள் போதும். பதினாறு வயசுப் புள்ளைய உள்ள விட்டது யாருன்னு போலீஸும் கேக்கும், உங்ககிட்டத் துணி வாங்கற வெளிநாட்டுப் பையரும் கேப்பான். ரெண்டு பேருக்கும் நீங்களே பதில் சொல்லிருங்க."

 அருள்செல்வன், "ஒரு நிமிசமுங்க" என்று கைபேசியோடு வெளியே போனார். அது இருபது நிமிடம் ஆனது. குழந்தை அழுது ஓய்ந்து, நித்யஸ்ரீயின் சுடிதார் முனையைச் சப்பிக்கொண்டு உறங்கிப்போனது.

திரும்பிவந்தவர் நிபந்தனையைச் சொன்னார். திங்கள்கிழமை முதல் நித்யஸ்ரீ சொந்தப் பெயரில் புதிய ஆளாகச் சேரலாம். குழந்தைக்கும் இடம் உண்டு. மனுவைத் திரும்பப் பெற வேண்டும். சாரதாமணி என்பவர் தாமாகவே விலகியதாகப் பதிவு முடிக்கப்படும்.

"புது ஆளுன்னா குறைஞ்ச கூலிக்கு ஹெல்ப்பராத்தானே போடுவீங்க?"

"ரூல்ஸ் அப்படித்தானுங்க மேடம்."

"டெய்லராப் போடுங்க. இல்லைன்னா இப்பவே எந்திரிக்கறோம்."

அருள்செல்வன் மீண்டும் கைபேசியைப் பார்த்தார். ஆனால் யாரையும் அழைக்கவில்லை. "சரிங்க."

ஜெயசுதா தன் கட்சிக்காரியைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனார். இதற்கு இணங்கினால் எட்டு ஆண்டு உழைப்பு சட்டத்தின் கண்ணில் இல்லாததாகிவிடும். கர்ப்பத்துக்காக நீக்கினார்கள் என்பதும் எங்கும் பதிவாகாது. இணங்காவிட்டால் வழக்கு, தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். இயந்திரத்தில் பதிவான விரல் யாருடையது என்று நிரூபிக்க முடியும். உடன் தைத்தவர்கள் சாட்சி சொன்னால் வெற்றிக்கு வாய்ப்பு உண்டு. மூன்று ஆண்டு ஆகலாம். இவை அனைத்தையும் அவர் குறைக்காமல், கூட்டாமல் சொன்னார்.

"பக்கத்து மிஷின் அமீருன்னிசா கூப்புட்டா வருவாளுங்க" என்றாள் நித்யஸ்ரீ. "வந்தா அவ வேலையும் போயிரும். அவளுக்கும் ரெண்டு புள்ளைக அந்த ரூம்லதான் இருக்குதுக."

"ம்."

"மூணு வருசத்துல இவ பால்வாடிக்கே போயிருவாளுங்க்கா. அப்ப ஜெயிச்சு அந்த ரூம வெச்சு நான் என்ன பண்றது?"

 வழக்கை நடத்தவேண்டியதில்லை என்றதும் தனக்குள் ஏதோ இளகுவதை ஜெயசுதா உணர்ந்தார். அது ஆறுதல்தான் என்று தெரிந்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கப்படவும் அன்று அவருக்கு அதிக நேரமில்லை. பிற்பகலில் வேறொரு விசாரணை இருந்தது.

"உள்ள போலாமுங்க" என்றாள் நித்யஸ்ரீ.

திரும்பப் பெறும் மனுவில் அக்காள் முதலில் கையொப்பமிட்டாள். "செய்யாத வேலைய நானே உட்டுட்டேன், பாருங்க" என்றாள். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அருள்செல்வன் பையிலிருந்து வேலைக்கான விண்ணப்பப் படிவத்தை எடுத்து, பேனாவின் மூடியையும் கழற்றித் தந்தார். நித்யஸ்ரீ குழந்தையை அக்காளிடம் கொடுத்துவிட்டு, தன் பெயரை மெதுவாக எழுதினாள். பிறந்த தேதியைச் சரியாக எழுதினாள். பின் நிறுத்தினாள்.

"முன் அனுபவம்னு இருக்குதுங்க்கா. என்னான்னு போட?"

ஜெயசுதா அருள்செல்வனைப் பார்த்தார். அவர் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"எட்டு வருசம்னு போடு" என்றார் ஜெயசுதா.

"போட்டா எந்தக் கம்பெனின்னு ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்களே மேடம்" என்றார் அருள்செல்வன், சுவரிலிருந்து பார்வையை எடுக்காமல். "அப்புறம் நான் குடுத்த வாக்கு நிக்காதுங்க."

ஜெயசுதாவிடம் சொல்வதற்குச் சட்டம் இருந்தது. அதைச் சொன்னால் அன்றைய ஏற்பாடு அங்கேயே உடையும் என்பதும் தெரிந்திருந்தது. அவர் வாய் திறப்பதற்குள் நித்யஸ்ரீ அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். குழந்தைகளின் எண்ணிக்கை என்று கேட்டிருந்தது. யாரையும் கேட்காமல், ஒன்று என்று எழுதினாள்.