வகுத்தபோது தொலைந்த தீர்வு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: அக்காவின் வீட்டுப்பாடத்தில் நான் கை வைத்ததிலிருந்து.

அக்கா பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் வகைக்கெழுச் சமன்பாடுகள். அவள் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அதனால் அவள் கிறுக்கித் தருவதை நான் நல்ல தாளில் படியெடுத்துக் கொடுப்பேன். பதிலுக்கு அவளுடைய பாதி எழுதிய பழைய நோட்டுகள் எனக்கு. மீதிப் பக்கங்களில் நான் கதை எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும். சத்தம் போடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்:

[வெயில் சாய்ந்த ஒரு மாலையில், கணித மேதையான ஓர் ஏழைச் சிறுமி—]

நான் மேதை இல்லை. பத்தாம் வகுப்பில் நின்றுவிட்டவள். விடை தெரிந்தும் பலகைக்கு முன்னால் வாய் திறக்காமல் நின்றேன். ஒரு நாள் அல்ல, ஒரு வருடம். பிறகு போகவில்லை.

இரண்டாம் தொடக்கம்:

[இன்று காலை அக்கா ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.]

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

"ஏய் ஊமைக்கோட்டான், என்னடி இது?"

"எது?"

"கடைசி வரி. இதை நான் எழுதவே இல்லையே."

தாளின் அடியில் நானாகச் சேர்த்த வரி: 'y = 0 என்பதும் ஒரு தீர்வு.' அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் ஆசிரியரின் குறிப்பு: 'இதை எழுதியவர் வந்து பலகையில் விளக்கட்டும்.'

"இன்னிக்கு ரெண்டு மணிக்கு என்னை நிக்க வைக்கப் போறார். விளக்கலன்னா காப்பின்னு முடிவு பண்ணிடுவார். ஏற்கெனவே ரெண்டு டெஸ்ட் ஊத்திக்கிச்சு. இதுவும் போச்சுன்னா பரீட்சையே எழுத விடமாட்டாங்க. சொல்லுடி, எதைப் பார்த்து எழுதின?"

நான் சுவரைப் பார்த்தேன்.

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மணி பதினொன்று. அவளுக்குச் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3

ஆசிரியரைக் கொடுமைக்காரராக எழுதிவிட நினைத்தேன். வகுப்பில் அவருக்குக் கொக்கு என்று பெயராம். கழுத்து நீளம், பார்வை அசையாதாம். ஆனால் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

வகுப்பில் நாற்பது பேர். அக்கா உட்பட நாற்பது பேரும் போன வருடத்து நோட்டு ஒன்றைப் பார்த்துத்தான் இந்தக் கணக்கை எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் ஒரே விடை, ஒரே ஓட்டை. (படியெடுப்பதே வேலையாக இருப்பவள் மட்டும்தான் படியெடுக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் அக்கா இதற்குச் சிரிப்பாள்.) அத்தனை தாளுக்கு நடுவில் அந்த வரியைப் பார்த்தவர் கோபப்பட்டாரா, இல்லை, சந்தோஷத்தில் நாற்காலியைவிட்டே எழுந்தாரா? வட்டம் கோணலாக இருக்கிறது. இரண்டுக்கும் வட்டம் கோணலாகத்தான் வரும். அவரை நல்லவராகவும் எழுத முடியவில்லை, கெட்டவராகவும்—

4

கணக்கு இதுதான்: dy/dx = y². அதாவது y மாறும் வேகம், y-யின் வர்க்கத்துக்குச் சமம்.

எல்லோரும் முதல் வேலையாக இரு பக்கத்தையும் y²-ஆல் வகுத்தார்கள். பிறகு தொகையீடு செய்தால் y = −1/(x + C). C ஒரு மாறிலி. அதற்கு ஒவ்வோர் எண்ணாக வைக்க வைக்க, ஒவ்வொரு தீர்வாக வரும்.

ஆனால் பூச்சியத்தால் வகுக்கக் கூடாது. வகுத்த அந்த நொடியிலேயே, y பூச்சியமாக இருக்காது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் முடிவுசெய்துவிட்டோம். இப்போது y = 0 என்று முதல் சமன்பாட்டில் வைத்துப் பாருங்கள். எப்போதும் பூச்சியமாக இருப்பது மாறுவதில்லை, வேகம் பூச்சியம். அதன் வர்க்கமும் பூச்சியம். பொருந்துகிறது! C-க்கு எந்த எண்ணை வைத்தாலும் இது கிடைக்காது. தனியாகத்தான் எழுத வேண்டும்.*

* இங்கே 'என்னைப் போல' என்று சேர்த்திருந்தேன். அடித்துவிட்டேன். பூச்சியத்துக்கு என் கதை எதற்கு?

"என்னடி பண்ற உள்ள? மணி பன்னெண்டு!"

"எழு—"

"என்ன?"

"ஒண்ணுமில்லக்கா."

5

முடிவு அ: அக்கா விளக்குகிறாள், வகுப்பே கைதட்டுகிறது. பல்கலைக்கழகத்தில் கைதட்டுவார்களா? அந்தக் கட்டடத்துக்குள் நான் போனதே இல்லை.

முடிவு ஆ: அக்கா கையில் சாக்பீஸோடு நிற்கிறாள். மற்ற எல்லோரும் பார்க்கிறார்கள். அவள் வாய்—

முடியாது. இதை நான் எழுத மாட்டேன்.

முடிவு இ: நான் கதவைத் திறந்து என் வாயாலேயே சொல்கிறேன். இதற்காக மூன்று முறை எழுந்தேன். 'அக்கா' என்பது வரைக்கும் வந்தது. அதற்கு மேல் காற்றுதான்.

6

நோட்டையே கொடுத்துவிடப் போகிறேன். இதுவரை படித்துவந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ளுங்கள். அந்த இடத்தில் இனி அக்கா.

அக்கா, நேரமில்லை என்றால் நான்காம் பகுதியை மட்டும் படி. பஸ்ஸில் இன்னொரு தடவை படி. எதையும் பார்த்து எழுதவில்லை. உன் நோட்டுகளைப் படித்துப் படித்து எனக்கே தோன்றியது. மற்ற பக்கங்களைத் தயவுசெய்து— சரி, எப்படியும் படிப்பாய்.

நீ விளக்கி முடித்ததும், இதை எழுதியது யார் என்று அவர் கேட்பார். 'நான்தான்' என்று நீ சொன்னால் எனக்கு வருத்தமே இல்லை.

அந்த வரி பொய். வருத்தம் இருக்கும். 'என் தங்கச்சி' என்று சொன்னாலோ, அவளைக் கூட்டிக்கொண்டு வா என்பாரோ என்று பயமாக இருக்கும். எதைச் சொன்னாய் என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே நிற்கப் போவது நீ.

வீட்டுக்கு வந்ததும் அதை என்னிடம் சொல்ல வேண்டாம்.

இல்லை, சொல்.