தனப்பிரியாவின் பன்னிரண்டு கிலோ

தம்பிக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுப்பது என்று முடிவு செய்யத் தனப்பிரியாவுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதைக் கொடுக்க அனுமதி வாங்கத்தான் எட்டு மாதம் ஆயிற்று.

தம்பி தீனதயாளன் ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட வடநாடு முழுக்கச் சுற்றியவன். முப்பத்து நாலு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, வாரத்தில் மூன்று நாள் நாமக்கல்லில் டயாலிசிஸ் மிஷினோடு படுத்திருந்தான். அம்மாவுக்குச் சர்க்கரை. மனைவி ஸ்ரீதேவிக்கு ரத்த வகை சேரவில்லை. அக்காவுக்குச் சேர்ந்தது.

சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாப் பரிசோதனையும் பார்த்துவிட்டுத் தனப்பிரியாவை நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாம் பொருத்தமா இருக்கும்மா. எடைதான் ரொம்ப அதிகம். இப்படியே எடுத்தா ஆபரேஷனும் ஆபத்து, மிச்சம் இருக்கிற ஒரு கிட்னிக்கும் பாரம். பன்னெண்டு கிலோ குறைச்சுட்டு வாங்க, பார்க்கலாம்."

"குறைச்சா எடுத்துக்குவீங்களா?"

"மத்ததெல்லாம் சரியா இருந்தா எடுத்துக்கலாம்."

"அப்ப சரிங்க. குறைச்சுட்டு வாரேன்."

பக்கத்துக் கடைக்குப் போய்வருகிறேன் என்பது போல அவள் சொன்னதைக் கேட்டு டாக்டர் சிரித்துவிட்டார்.

சேந்தமங்கலத்தில் கணவன் பிரபாகரோடு பேக்கரி நடத்துகிறவள் அவள். காலை முதல் இரவு வரை பன், தேங்காய் பிஸ்கட், மைசூர்பா வாசனைக்கு நடுவில்தான் வாழ்க்கை. ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் தமிழினி, சின்னப் பெண், தனப்பிரியாவின் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டது, நடந்தது, எடை எல்லாவற்றையும் அதில் பதிய வேண்டும். தமிழினிக்கும் அங்கிருந்தே தெரியும்.

அன்று மாலையே தனப்பிரியா அரிசிம்பருப்புச் சாதம் என்று அடித்தாள். ஆப் முழித்தது. அரிசியைத் தனியாகக் காட்டியது, பருப்பைத் தனியாகக் காட்டியது. வெல்லம் போட்டுச் சுடும் கச்சாயத்தின் பேரை அடித்ததற்கு ஏதோ காய்கறிக் கூட்டைக் காட்டியது.

"ஏனுங்க, இதுக்கு நம்மூருச் சோறே தெரியலைங்க."

"அப்ப என்ன பண்ணுவ?" என்றான் பிரபாகர்.

"நாம சொல்லிக் குடுத்தாப் போச்சு."

பேக்கரித் தராசை அடுப்படிக்குத் தூக்கி வந்தாள். அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய் ஒவ்வொன்றையும் நிறுத்தாள். வெந்த பிறகு பாத்திரத்தோடு நிறுத்துக் கணக்குப் போட்டாள். மாதம் முடிவதற்குள் கொள்ளுப்பருப்பு, ராகிக்களி, சந்தகை எல்லாம் அவள் போனில் ஏறிவிட்டன.

நிறுக்க ஆரம்பித்ததும் இரண்டு விஷயம் அவளைத் திடுக்கிட வைத்தன. ஒரு கரண்டி என்று நினைத்து ஊற்றிய எண்ணெய் மூன்று கரண்டி இருந்தது. இன்னொன்று கடை. பதம் பார்க்க ஒரு துண்டு, உடைந்தது வீணாகக் கூடாதென்று ஒரு துண்டு, வருகிறவர்களோடு ஒரு டீ. எல்லாவற்றையும் ஒரு நாள் ஒழுங்காகப் பதிந்தபோது, தட்டில் உட்காராத இன்னொரு முழுச் சாப்பாடு அங்கே இருந்தது. அன்றிலிருந்து பதம் பார்க்கிற வேலை பிரபாகருக்குப் போனது.

விடியற்காலையில் அடுப்பு மூட்டிவிட்டுக் காரவள்ளி ரோட்டில் நடந்தாள். எதிரே கொல்லிமலை மேகத்துக்குள் இருந்து வெளியே வரும்போது திரும்புவாள். முதல் வாரம் முழங்கால் கடுத்தது. மூன்றாவது வாரம் நடைக்குப் பதில் பாதித் தூரம் ஓட்டமும் நடையுமாக ஆயிற்று.

ஆனால் தீனதயாளன் ஒத்துக்கொள்ளவில்லை.

"உன்ற கிட்னி எனக்கு வேண்டாம்க்கா. உனக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குது."

அவள் வாதாடவில்லை. அவன் போனை வாங்கி, தன் கணக்கு அதிலும் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தாள்.

"என்னக்கா இது?"

"நான் திங்கறதும் நடக்கறதும் இதுல வரும். மிஷின்ல படுத்திருக்கறப்பப் பொழுது போகலைன்னாப் பாரு."

"நான் வேண்டாங்கறேன், நீ பாட்டுக்கு..."

"வேண்டாம்னா வேண்டாம் சாமி. நான் இளைக்கறதுக்குமா உன்னைக் கேக்கோணும்?"

பிறகு ஒரு மத்தியானம் ஒரே வரியில் வாட்ஸ்அப் வந்தது: "நேத்து ரெண்டு மைசூர்பாவா?" உடனே பதில் போட்டாள்: "ஒண்ணரைதான். தீபாவளி ஆர்டர்." அடுத்த நாள், "ஏனுங்கக்கா, இன்னைக்கு நடக்கலையாட்ட?" என்று கேட்டிருந்தான். "மழைடா" என்றாள். அதற்குப் பிறகு டயாலிசிஸ் நாட்களில் அவன் கேள்வி தவறாமல் வந்தது.

ஐந்தாம் மாதம் எடை நின்றுவிட்டது. இன்னும் நாலு கிலோ பாக்கி. எவ்வளவு நடந்தும் முள் அசையவில்லை. தோற்றுப் பழக்கமில்லாத தனப்பிரியா இரவுச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு காலையிலும் மோர் மட்டும். எடை மறுபடி சரசரவென்று இறங்கியது. மாடிப்படி ஏறும்போது கண் இருட்டியதை யாரிடமும் சொல்லாமல், டாக்டரைப் பார்க்க நாள் வாங்கினாள்.

டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி தீனதயாளன் போனில் அக்காவின் எடை காட்டும் கோட்டைப் பார்த்தான். நேராகப் பள்ளத்தில் இறங்கியிருந்தது. இரவுச் சாப்பாடு இருக்க வேண்டிய இடமெல்லாம் காலி. போன் செய்தான்.

"ராத்திரி என்னக்கா சாப்பிட்ட?"

"பசிக்கலை சாமி."

"வாரம் பூராவுமா பசிக்கலை?"

"கடையில ஆளு நிக்குது, அப்பறம் பேசறேன்."

அவன் விடவில்லை. தமிழினியின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினான். அவள் உடனே ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னாள். டாக்டர் காகிதத்தை மேஜையில் வைத்தார்.

"எடை வந்திருச்சு. ரத்தம் இல்லை. இந்த உடம்பை நான் தொட மாட்டேன்."

ஆஸ்பத்திரி வாசலில் தனப்பிரியா, கூட வந்திருந்த தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "உன்னை ஆருடா சொல்லச் சொன்னது? இன்னும் ரெண்டு வாரம் உட்டிருந்தா மருந்து மாத்திரையில சரி பண்ணியிருப்பேன்."

"உட்டிருந்தா மேசையில படுக்க வெச்சப்பறம் தெரிஞ்சிருக்கும்." அவன் குரலும் உயர்ந்தது. "எத்தனை அடி இறங்கிச்சுன்னு மட்டும் பாத்துட்டே போனா ரிக்குல துளை போடற பிட்டு உள்ளாரயே சிக்கிக்கும். எறக்கத் தெரிஞ்சா மட்டும் பத்தாதுக்கா. குடுக்கறதா இருந்தா ஒழுங்காக் குடு."

இத்தனை மாதத்தில் 'வேண்டாம்' என்ற சொல் இல்லாமல் அவன் அதைப் பற்றிப் பேசுவது இதுதான் முதல் முறை.

"அப்ப வாங்கிக்குவியா?"

ரோட்டில் போகும் பஸ்ஸைப் பார்த்தபடி அவன் சொன்னான்: "நீ சாப்பிட்டா."

எதிரே இருந்த ஓட்டலுக்குள் நுழைந்தார்கள். அவள் இட்லியும் இரண்டு முட்டையும் சாப்பிட்டாள். அதைப் போனில் பதிந்தது அவன்.

அடுத்த மூன்று மாதம் தமிழினி சொன்னபடி நடந்தது. முருங்கைக் கீரை, முட்டை, கொள்ளு, இரும்புச் சத்து மாத்திரை, எண்ணெய் அளந்து, மூன்று வேளை. வீடியோ பார்த்துக் கை கால்களுக்கு வலுவூட்டும் பயிற்சி, மைதா மூட்டைகளுக்கு நடுவே. முதலில் எடை ஒரு கிலோ ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டு அவள் பேசாமல் சாப்பிட்டாள். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பிறகு மெதுவாக, ரத்தமும் ஏறி, எடையும் இறங்கியது.

அனுமதி தரும் குழுவில் ஒரு பெரியவர் கேட்டார்: "யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"ஆமாங்க, இவன்தான்," என்று தம்பியைக் காட்டினாள். அறை திகைத்தது. "சாப்பிடச் சொல்லிங்க." அவர்கள் சிரித்து ஓய்ந்ததும் நிதானமாகச் சொன்னாள்: "கிட்னி நானா இஷ்டப்பட்டுக் குடுக்கறதுங்க. வேண்டாம்னு சொன்னவன் இவன்."

மாசி மாதம் ஒரு புதன்கிழமை ஆபரேஷன் நடந்தது. மயக்கம் தெளிந்து அவள் கண் திறந்தபோது பிரபாகர் பக்கத்தில் நின்றான். பேச நாக்கு புரளவில்லை. இருந்தும் கேட்டாள்.

"அவனுக்கு ஒண்ணுக்கு வருதுங்களா?"

"கொட்டுது பிரியா," என்றான் பிரபாகர். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "பை மாத்தி முடியலைன்னு நர்ஸம்மா சொல்லுது."

ஆடியில் தீனதயாளன் வேலைக்குத் திரும்பினான். ரிக் மேல் ஏற டாக்டர் விடவில்லை. திருச்செங்கோட்டில் முதலாளியின் ஆபீசில் உட்கார்ந்து வண்டிகளை அனுப்புகிறான். தனப்பிரியா இப்போதும் காரவள்ளி ரோட்டில் நடக்கிறாள். கடைத்தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அவள் பின்னால் வருகிறார்கள். அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை என்பதுதான் அவர்களுடைய ஒரே குறை.