ஒரு முழு பூட்ஸ்

ஆம்பூரில் அப்துல் ஹமீத் சாயபுவின் பூட்ஸ் கம்பெனி முதலில் ஒரே கொட்டகையாகத்தான் இருந்தது. யுத்த காலத்தில் பட்டாளத்துக்கு பூட்ஸ் கேட்டார்கள். நாலு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஜோடியை முழுசாகவே செய்து முடித்தார்கள். யுத்தம் ஓய்ந்ததும் அந்த நாலு பேரில் ஒருவன் திருப்பத்தூருக்குப் போய்த் தனிக்கடை போட்டான். கொஞ்ச நாளில் இன்னொருவனும் கிளம்பினான். சாயபு யாரையும் திட்டவில்லை. கொத்தனாரைக் கூப்பிட்டார்.

கொட்டகையின் நடுவே சுவர் எழும்பியது. இந்தப் பக்கம் மேல்தோல் தைப்பவர்கள். அந்தப் பக்கம் அதைக் கால் வடிவ மரக்கட்டையில் ஏற்றி அடித்தோல் போடுபவர்கள். வாசலும் தனித்தனி.

ரத்தினசாமி சுவருக்குப் பிறகு சேர்ந்தவன். மேல்தோல் தைப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தான் தைத்தது எப்படி பூட்ஸ் ஆகிறது என்பதை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. அந்தச் சுவரைப் பார்த்தபடியே கிழவனாகிவிடுவோமோ என்று பயந்தான்.

காட்பாடி ஜங்ஷன் பக்கம் பூட்ஸ் கடை வைத்திருந்த ஷபீ அஹமது ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், அடித்தோல் பக்கத்துக் காசிநாதனை வீட்டில் போய்ப் பிடித்தான்.

"நீ மேல, நான் கீழ. ரெண்டு பேரும் சேந்தாதான்டா ஒரு ஆளு," என்று காசிநாதன் சிரித்தான்.

மாதிரி காட்ட ஒரு ஜோடிக்கு மேல்தோலை ரத்தினசாமி வீட்டிலேயே தைத்துக் கொடுத்தான். காசிநாதன் அதை மடியில் மறைத்துக்கொண்டு போய், கம்பெனிக் கட்டையிலேயே ஏற்றி முடித்தான். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ரயிலேறினார்கள்.

ஷபீ அஹமது பூட்ஸை வளைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. யாரு செஞ்சது?"

"ரெண்டு பேரும், பாய்," என்றான் ரத்தினசாமி.

"எனக்கு ஒரு ஆள்தான்பா வேணும்."

ரத்தினசாமி வாயைத் திறப்பதற்குள் காசிநாதன் முந்திக்கொண்டான். "இவன்தான் பாய் செஞ்சான். நான் சும்மா தொணைக்கு வந்தேன்."

"அப்போ உக்காரு. ஒண்ணு செஞ்சு காட்டு."

ரத்தினசாமி தைத்தான். ஷபீ அஹமது தையலைத் தடவிப் பார்த்து, "பலே!" என்றார். பிறகு கட்டையும் ஆணியும் வந்தன. முதல் ஆணி முனையிலா, குதிகாலிலா? வாசலில் நின்ற காசிநாதனுக்குத் தெரியும்; சொல்லத்தான் வழியில்லை. ரத்தினசாமி குதிகாலில் அடித்து இழுத்தான். முனை முழுக்கச் சுருங்கிப் போயிற்று.

"இன்னாப்பா இது, சுருக்குப்பையா?" ஷபீ அஹமது காசிநாதனைத் திரும்பிப் பார்த்தார். "அந்த பூட்ஸுக்கு அடித்தோல் போட்டது நீயா? உனக்குத் தைக்கவும் வருமா?"

காசிநாதன் இல்லை என்று தலையாட்டினான்.

"நடுவுல சுவரு வெச்ச ஹமீத் பாய் கெட்டிக்காரரு," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

இருவரும் பிளாட்பாரத்தில் ஆம்பூர் வண்டிக்காகக் காத்திருந்தார்கள்.

"முனையிலதான்டா மொதல்ல அடிக்கணும்," என்றான் காசிநாதன்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ கேக்கலியே."

எதிரே மெட்ராஸ் ரயில் புறப்படத் தயாராக நின்றது. ரத்தினசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே போனாலும் ஒரு முழு பூட்ஸைத்தான் கேட்பார்கள். இந்தப் பக்கம் ஆம்பூர் வண்டி வந்து நின்றது.

"ஏறுடா. காலைல லேட்டானா கம்பெனி கேட்டை மூடிடுவான்."

ரத்தினசாமி ஏறினான்.